பக்கத்து வீட்டு மனத்தாங்கலைப் பக்குவமாகத் தீர்த்தல்

சிங்கப்பூரில் வசிப்போரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருக்கிறார்கள். சுவரும் கூரையும் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. நடைபாதையும் மின்தூக்கியும் எல்லாருக்கும் பொது. 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை வீடுகள் வரை வாங்கலாம் என்று வரம்பு வைத்தது. அதனால் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இடப்பக்கம் சீனக் குடும்பமும் வலப்பக்கம் மலாய்க் குடும்பமும் இருப்பது சாதாரணம். தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ சாலை அடுக்குமாடிகளிலும் தெம்பனிஸ், ஈசூன் பேட்டைகளிலும் இதே நிலைதான்.

இப்படி நெருங்கி வாழும் இடத்தில் சத்தம், புகை, வாசனை, சொட்டும் துணி, வழியை மறிக்கும் செருப்பு அலமாரி என்று ஏதாவது ஒன்று மனத்தாங்கலைக் கிளப்பும். அதைத் தீர்க்க உதவுவது இங்கிதமும் சாதுரியமும் கலந்த பேச்சு. ஆங்கிலத்தில் ‘டாக்ட்’ என்பார்கள். இனிமையாகப் பேசுவது மட்டும் போதாது. எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது ஆகிய மூன்றையும் கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எதிர்வீட்டார் கௌரவம் குறையாமல் சரி என்று சொல்லக்கூடிய அளவுக்குக் கேட்பது சிறியதாக இருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் இதைச் சார்ந்தவை.

கறி வாசனை விவகாரம்

2011 ஆகஸ்ட்டில் ‘டுடே’ நாளிதழ், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சமரசத்தைப் பற்றி எழுதியது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை. இந்தியக் குடும்பம் ஏற்கெனவே கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டுதான் சமைத்து வந்தது. அதுவும் போதவில்லை என்று விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, தங்கள் சமையலை ஒரு தடவையாவது ருசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டது.

செய்தி வெளியானதும் நாடு கொதித்தது. சிங்கப்பூரர் எல்லாரும் கறி சமைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு கிளம்பியது. 2011 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, பல இனத்தாரின் வீடுகளிலும் கறிச் சட்டி அடுப்பேறியது. சமரசர் எந்தத் தீர்ப்பும் திணிக்கவில்லை, இரு குடும்பங்களும் தாங்களே பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது என்று அரசாங்கத் தரப்பு விளக்கம் அளித்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விட்டுக்கொடுத்த குடும்பம் வெறுங்கையோடு திரும்பவில்லை. ருசித்துப் பார்க்கச் சொன்னதன் மூலம், வாசனையாக மட்டும் தெரிந்த ஒன்றைச் சாப்பாடாக அறிமுகப்படுத்தக் கேட்டது. அது நல்ல சாதுரியம். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. பக்கத்து வீட்டார் எப்போது வெளியே போவார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டு சமைப்பது யாருக்கும் நெடுநாள் நடக்காது. ‘இன்ன கிழமை, இன்ன மணிக்குள்’ என்று கடிகாரத்தை வைத்துப் பேசியிருந்தால் சுமை குறைந்திருக்கும். பிறர் நடமாட்டத்தைச் சார்ந்த உறுதிமொழியைக் கூடியவரை தவிர்க்க வேண்டும்.

கதவைத் தட்டுவதற்கு முன்

1. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கான்கிரீட் கட்டடத்தில் ஒலி தூண் வழியாகவும் சுவர் வழியாகவும் பயணிக்கும். நேர் மேல்வீட்டில் நாற்காலி இழுப்பதாகக் கேட்கும் சத்தம், அதற்கும் மேல்தளத்திலிருந்தோ மூலைவீட்டிலிருந்தோ வரலாம். சத்தம் கேட்கும்போது மாடிப்படியில் ஒரு தளம் ஏறிப் போய் நின்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். குற்றமில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டால் பிறகு அங்கே உறவை ஒட்டவைப்பது கடினம்.

2. ஓரிரு வாரம் குறித்து வைக்க வேண்டும். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன வகைச் சத்தம் என்பவை போதும். இந்தக் குறிப்பு எதிர்வீட்டாரிடம் நீட்டுவதற்கு அல்ல. ‘தினமும்’ என்று தோன்றுவது உண்மையில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் என்று பல நேரம் இதில் தெரியவரும். அப்படியானால் கேட்க வேண்டியதும் அந்த இரண்டு இரவுகளைப் பற்றி மட்டுமே.

3. விதிமீறலா, வெறும் தொந்தரவா என்று பிரிக்க வேண்டும். சுவர் இடிப்பது, தரை ஓடு பெயர்ப்பது போன்ற பெருஞ்சத்தப் புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக நேரம் வகுத்திருக்கிறது. சனி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறையிலும் அவை கூடாது. நடைபாதையில் 1.2 மீட்டர் அகல வழி திறந்திருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. இத்தகைய மீறல்களுக்கு வீவகவும் நகர மன்றமும் இருக்கின்றன. குழந்தை ஓடுவதும் கறி தாளிப்பதும் பொதுவாக எந்த விதிக்குள்ளும் வராது. அங்கே கோரிக்கைதான் வைக்க முடியும், உரிமை கோர முடியாது. அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை என்று நீட்டிக்கலாம் என 2022ல் ஓர் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. பேச்சில் அதை ஒரு பொது அளவுகோலாகச் சொல்லலாம், சட்டமாகக் காட்டி மிரட்டக் கூடாது.

4. தன் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகாலை மிக்ஸி, பூசை மணி, கீழ்வீட்டுத் துணியில் சொட்டும் ஈரக் கம்பு என்று எதிர்வீட்டார் இத்தனை நாளும் பொறுத்துக்கொண்டது ஏதாவது இருக்கும். அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தானாகச் சொல்லிவிடுவது மிகப் பெரிய பலம்.

5. கேட்கப்போவதை ஒரே வாக்கியமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தில் ஒரு செயலும் ஒரு நேரமும் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் அமைதியாக இருங்கள்’ என்பதில் இரண்டும் இல்லை. ‘பத்து மணிக்குமேல் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள்’ என்பதில் இரண்டும் இருக்கின்றன.

6. நாள் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நிமிடமே போவது கூடாது, அப்போது இரு தரப்பிலும் சூடு இருக்கும். சீனப் புத்தாண்டு நாள்கள், நோன்பு துறக்கும் மாலை நேரம், வெள்ளி நண்பகல் தொழுகை நேரம், துக்க வீடு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புளோக் கீழ்த்தளத்தில் ஈமச்சடங்குப் பந்தல் இருந்தால் எந்த வீட்டுக்குரியது என்று தெரிந்துகொள்வது நல்லது. சனி அல்லது ஞாயிறு முற்பகல் பெரும்பாலும் பொருந்தும்.

வாசலில் பேசும் முறை

முதல் பேச்சு மிக முக்கியமானது. அது சரியாக அமைந்தால் பெரும்பாலும் இரண்டாவது பேச்சுக்குத் தேவையே வராது.

1. ஒருவர் போவது நல்லது, அதிகம் போனால் கணவனும் மனைவியும். குடும்பமாகத் திரண்டு போனால் அது படையெடுப்பு. கையில் திறன்பேசியோ காகிதமோ வேண்டாம்.

2. இரும்புக் கதவிலிருந்து ஓரடி தள்ளி நிற்க வேண்டும். உள்ளே அழைத்தாலும் முதல் தடவை வாசலிலேயே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் எளிது.

3. விளிக்கும் சொல்லில் கவனம் வேண்டும். மூத்தவர்களை ‘அங்கிள்’, ‘அன்ட்டி’ என்பது ஊர் வழக்கம். மலாய் மூத்தோரை ‘பாக்சிக்’, ‘மக்சிக்’ என்றால் முகம் மலரும். நாற்பது வயதுப் பெண்ணை ‘அன்ட்டி’ என்று அழைப்பது கெட்ட தொடக்கம், பெயர் கேட்டு அழைப்பது மேல். மலாய் வீட்டாரிடம் ‘சூடா மாக்கான்?’ என்று சாப்பிட்டாயிற்றா என விசாரித்துத் தொடங்குவதும் இயல்பு.

4. தான் யார், எந்த வீடு என்று சொல்ல வேண்டும். நெடுநாள் பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாத நிலை அதிகம்.

5. தன் நிலையைச் சொல்லி, ஒற்றை வாக்கியக் கோரிக்கையை வைத்து, பிறகு நிறுத்திவிட வேண்டும். பதில் வரும்வரை மௌனமாக இருப்பது பலருக்கும் கடினம். மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பழைய குறைகள் எல்லாம் வாயில் வந்துவிடுகின்றன.

பேச்சு எப்படி அமையலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாசலில் இதை எளிய ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லிக்கொள்ளலாம்.

தவறான வகை: “உங்க பிள்ளைங்க எப்பப் பார்த்தாலும் ஓடிக்கிட்டே இருக்காங்க. நாங்க தூங்க வேண்டாமா?”

சரியான வகை: “வணக்கம், நாங்க கீழ்வீடு. எங்க மிக்ஸி சத்தம் உங்களுக்குக் காலையில கேட்கும்னு நினைக்கிறேன், அதைத் தள்ளி வெச்சுக்கிறோம். எங்க அம்மா விடியக்காலை ஷிஃப்ட்டுக்குப் போறாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல பிள்ளைங்க ஓடுறதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்க முடியுமா?”

முதல் வகையில் ‘எப்பப் பார்த்தாலும்’ என்ற சொல் பொய்யாகிவிடுகிறது. நேற்று பிள்ளைகள் தாத்தா வீட்டில் இருந்தார்கள் என்று எதிர்வீட்டார் ஒரே வார்த்தையில் அதை உடைத்துவிடலாம். வளர்ப்பைக் குறை சொல்வதாகவும் அது விழும். இரண்டாவது வகையில் தன் பங்கு முதலில் வருகிறது, காரணம் ஒன்றே ஒன்று, நேரம் தெளிவு.

மறுப்பு வந்தால்: ‘எங்கள் வீட்டுச் சத்தம் இல்லை’ என்பார்கள் சிலர். உண்மையாகவும் இருக்கலாம். “அப்படியா, எங்கேருந்துன்னு தெரியாமத்தான் கேட்டேன். உங்களுக்கும் கேட்குதா?” என்று உதவி கேட்கும் பேச்சாக மாற்றிவிட வேண்டும். சத்தம் அவர்கள் வீட்டிலிருந்தே வந்திருந்தாலும், தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல் குறைத்துக்கொள்ள அது அவர்களுக்கு வழி விடும்.

குறிப்பு: நாற்காலிக் காலுக்கு ஒட்டும் மெத்தை போன்ற சிறு பொருளை வாங்கிக் கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் முதல் சந்திப்பிலேயே நீட்டினால் குற்றச்சாட்டாகத் தோன்றும். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, “எங்க வீட்டுக்கு வாங்கினோம், மிச்சம் இருக்கு” என்று கொடுப்பதே இங்கிதம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவது. பதிலுக்குச் சத்தம் கூடுமே தவிரக் குறையாது, பிற்காலத்தில் தன் மீதே புகாராகவும் திரும்பும்.

பேசிப் பார்க்காமல் நகர மன்றத்துக்கோ நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கோ போவது. அதிகாரி ஒருவர் கதவைத் தட்டும்போதுதான் எதிர்வீட்டாருக்கு விஷயமே தெரிகிறது என்றால், அவமானம் சத்தத்தைவிடப் பெரிய பிரச்சினையாகிவிடும்.

புளோக் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பெயர் போடாத சீட்டு ஒட்டுவது. இரண்டுமே முதுகுக்குப் பின்னால் செய்வது. சீட்டு எழுதத்தான் வேண்டும் என்றால் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, கையில் கொடுக்க வேண்டும்.

மொழி தெரியவில்லை என்று பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போவது. பெரியவர்களின் கோபத்தைச் சிறுவன் வாயால் சொல்ல வைப்பது அவனுக்கும் கேட்போருக்கும் சங்கடம். இரு மொழியும் தெரிந்த மற்றோர் அண்டை வீட்டார் இருந்தால் அவரை அழைக்கலாம்.

இனத்தையோ பிறந்த நாட்டையோ இழுப்பது. ‘உங்க ஆட்களே இப்படித்தான்’ என்ற ஒரு சொல் போதும், அதற்குப் பிறகு மூலப் பிரச்சினையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிற இனத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது சிங்கப்பூரில் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

குறை சொல்லப் போகும் அன்றே பலகாரத் தட்டோடு போவது. கொடுப்பது கைக்கூலியாகத் தெரியும். பலகாரம் பிரச்சினை இல்லாத நாளில் போக வேண்டும். தீபாவளிக்கு மலாய் வீட்டுக்கு ஏதாவது கொடுப்பதானால் ஹலால் முத்திரையுள்ள பொட்டலமாகவோ பழமாகவோ இருந்தால் அவர்களுக்குத் தயக்கம் இராது. சீனக் குடும்பங்களில் சிலர் மாட்டிறைச்சி உண்பதில்லை, சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுப்பது மரபு.

புகார் தன் வீட்டைத் தேடி வந்தால்

தமிழ்க் குடும்பங்கள் புகார் செய்யும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. மிளகாய் தாளிக்கும் நெடி, சாம்பிராணிப் புகை, பூசை மணி, வாசல் கோலம் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வி வருவது உண்டு. 2021 ஜூனில் ஒருவர் தம் வீட்டு வாசலில் பூசை மணி அடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்மணி தட்டு போன்ற சேகண்டியை ஓங்கித் தட்டும் காணொளி பரவி, காவல்துறை விசாரணை வரை போனது. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்க:

1. முதலில் கேட்டுவிட வேண்டும், விளக்கம் பிறகு. “சொன்னதுக்கு நன்றி” என்பது ஒப்புதல் அல்ல, கதவைத் திறந்து வைப்பது.

2. எந்த நேரம், எந்த நாள் அதிகத் தொந்தரவு என்று விசாரிக்க வேண்டும். எதிர்ப்பு முழுப் பூசைக்கும் இருப்பதில்லை, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் காலை நேரத்துக்கு மட்டும் இருக்கலாம்.

3. எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பூசையை விட முடியாது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லலாம். மணியைச் சிறியதாக்கலாம், வாசலிலிருந்து உள்ளே நகர்த்தலாம், கதவைச் சாத்தலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுவாரம் மீறுவது, முதலிலேயே மறுப்பதைவிட மோசம்.

4. பதிலுக்கு ஒன்று கேட்கலாம், அது சிறியதாக இருக்கட்டும். கறி விவகாரத்தில் அந்தக் குடும்பம் செய்தது இதைத்தான்.

குறிப்பு: வீட்டில் ஹோமம், நிச்சயதார்த்தம் போன்றவை நடக்கும்போது இரண்டு நாள் முன்பே மேல், கீழ், பக்க வீடுகளுக்கு நேரம் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டால் புகார் பெரும்பாலும் வராது.

சமரச நிலையத்துக்குப் போவது

இரண்டு முறை பேசியும் பலன் இல்லையென்றால் சமூக மன்றத்தில் வசிப்போர் குழுவினரை அணுகலாம். அதற்கு அடுத்தது சமூக சமரச நிலையம். சட்ட அமைச்சின் கீழ் 1998 முதல் இயங்கி வருகிறது. சமரசர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். அவர்கள் யார் சரி என்று தீர்ப்பளிப்பதில்லை, இரு தரப்பும் பேச வழிசெய்வார்கள். அங்கே பேசுவது ரகசியமாகக் காக்கப்படும். தமிழில் பேச வேண்டும் என்றால் விண்ணப்பிக்கும்போதே தெரிவிக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்றைக் கேட்டு எழுத வைக்க வேண்டும். யார் என்ன செய்வார், எந்த நேரத்தில், மீறினால் முதலில் யாரை எப்படி அழைப்பது. ‘இரு தரப்பும் நல்லிணக்கத்தோடு நடந்துகொள்வர்’ என்று மட்டும் எழுதிய தாள் பயன்படாது.

எதிர்த்தரப்பு வர மறுப்பதே இம்முறையின் பழைய பலவீனம். 2024 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் சமரசத்துக்கு வரும்படி பணிக்க வழிசெய்தது. கடுமையான சத்தத்தையும் பொருள் குவிப்பையும் கையாள ஒரு தனிப் பிரிவு 2025ல் தெம்பனிஸில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது.

கடைசி வழி, 2015ல் அமைந்த சமூகத் தகராறுகள் தீர்வு நடுவர் மன்றம். ஒரே கட்டடத்திலோ 100 மீட்டருக்குள்ளோ வசிப்பவருக்கு எதிராக மனு செய்யலாம். 20,000 வெள்ளி வரை இழப்பீடு, தொல்லையை நிறுத்தும் உத்தரவு, மன்னிப்புக் கேட்கும் உத்தரவு ஆகியவை கிடைக்கக்கூடும். பொதுவாக வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாட வேண்டும் என்பதால் தொடக்கத்தில் எழுதிய குறிப்பேடு இங்கே சான்றாகப் பயன்படும். பேசிப் பார்த்த தேதிகளும் அதில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

அண்டை வீட்டாரின் முகம், பெயர், வீட்டு எண் தெரியும்படி காணொளியை இணையத்தில் போடக் கூடாது. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2019ல் திருத்தப்பட்டபோது, ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது அடையாள விவரங்களை வெளியிடுவதும் குற்றமானது. நியாயம் தன் பக்கம் இருந்தும் போட்டவரே மாட்டிக்கொள்ள நேரும்.

இரவெல்லாம் சுவர் தட்டுவது, சம்பந்தமில்லாமல் கத்துவது போன்றவை முதுமை மறதியாலோ மனநலக் குறைவாலோ இருக்கலாம். அங்கே வாசலில் வாதாடுவது பலன் தராது. அவருடைய பிள்ளைகளிடமோ வசிப்போர் குழுவிடமோ மெதுவாகச் சொல்வதே முறை.

மிரட்டல் ஒரு தடவை வந்துவிட்டால் அந்த வீட்டுக் கதவைத் தனியாகத் தட்டக் கூடாது. பேச்சை அத்துடன் நிறுத்தி, காவல்துறையில் புகார் பதிவு செய்துவிட்டு, மேற்கொண்டு சமரச நிலையம் வழியாக மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். அடிதடியோ ஆயுதமோ தெரிந்தால் உடனே வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 999ஐ அழைக்க வேண்டும்.